ஒற்றை எண் வாசல்களின் குரல்

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. காற்று அசையவில்லை; மூன்று வாரமாக மழை இல்லை; கடலுக்கு அப்பால் எரிந்த காடுகளின் புகை கிள்ளான் வட்டாரத்தின்மேல் இறங்கி, காலை ஏழு மணிச் சூரியனை உரித்த கிச்சிலிச் சுளையைப்போலக் காட்டியது. அன்று காலை, தாமான் மெலூர் குடியிருப்பின் ஏழாம் சாலையில் முதல் எண் வீட்டுக்காரரும் குடியிருப்போர் சங்கத் தலைவருமான மாணிக்கவாசகம், காரை வெளியே எடுப்பதற்காகத் தம் வாசலின் இரும்புக் கதவைத் திறந்தபோது, அந்தக் கதவு வழக்கமான கிறீச்சொலியை விட்டுவிட்டு, இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன லெட்சுமணனின் குரலில், "ஆறாங்கட்டையில எறங்கிட்டேன், அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?" என்று தாளம் தவறாமல் வினவியது. மாணிக்கவாசகம் கதவைச் சாத்தி மறுபடியும் திறந்தார். அது மறுபடியும் வினவியது. "எட்டரைக்குத்தான்" என்று பதில் சொல்லிவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டபடியால், அவர் போய்விட்டார்.

லெட்சுமணன் யார் என்று அந்தச் சாலையில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் கலந்து கிடந்த அந்த வட்டாரத்தில், ரெக்கே இசையின் பின்தங்கி விழும் தாளத்தையும் ஹிப்ஹாப்பின் விரைந்தோடும் பேச்சையும் உருமியோடு முதன்முதலில் இணைத்தவர்கள், ஆறாவது மைல்கல்லைக் குறிக்கும் 'ஆறாங்கட்டை' என்னும் பெயருடைய இரண்டு இளைஞர்கள். கல்யாண மண்டபங்களிலும் பந்துத் திடல்களிலும் அவர்கள் பாடினார்கள். ஒரு கேசட்டுகூட வெளியிடாமலேயே ஒருவன் பந்திங் சாலையில் லாரி மோதி மாண்டான். மாண்டவன் லெட்சுமணன், ஊர் அவனை லெச்சு என்றது. மற்றவன் வேலாயுதம், இப்போது நாற்பத்தெட்டு வயது, பதினெட்டாம் எண் வீட்டில் இருந்துகொண்டு கையுறைத் தொழிற்சாலையின் பேருந்தை ஓட்டுகிறான். அவர்களுடைய பாட்டுக்கு ஒரு முறைமை இருந்தது: லெச்சு கேள்வி கேட்பான், வேலாயுதம் பதில் சொல்வான், ஒரு பாட்டுக்கு இருபத்து நான்கு கேள்வி, இருபத்து நான்கு பதில்.

அன்று காலை வேலாயுதம், இரவு வேலை முடிந்த பெண்களை அவரவர் வாசலில் இறக்கிவிட்டு, கடைசியாகத் தன் மனைவி சரோஜினியோடு வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தை எடுத்தபோது, நேர் எதிரே பதினேழாம் எண் வீட்டிலிருந்து, பள்ளி வேன் ஓட்டும் புஷ்பராணி தன் கதவைத் தள்ளினாள்.

"ஊரே தூங்கையில ஒத்தையா முழிச்சிருக்கறது யாரு? சொல்லு வேலா!" என்றது கதவு.

சாவிக்கொத்து கீழே விழுந்தது.

"வேலாண்ணே, என் கேட்டு உங்களத்தான் கூப்பிடுது. பதிலச் சொல்லுங்கண்ணே, நான் வண்டிய எடுக்கணும்" என்றாள் புஷ்பராணி.

"தலவலிக்குது லா" என்று சொல்லிவிட்டு அவன் தன் கதவைத் திறந்தான். அது எல்லா இரும்புக் கதவுகளையும்போலக் கிறீச்சிட்டது.

அந்தக் குரல் உலகத்திலிருந்து எப்படிக் காணாமற்போயிற்று என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்ச்சு மாதம், நான்கு தடங்களில் தனித்தனியே ஒலியைப் பிடிக்கும் ஒரு பெட்டியை இருவரும் சேர்ந்து வாங்கி, முதல் தடத்தில் உருமியும், இரண்டாவதில் பேஸ் கித்தாரும், மூன்றாவதில் லெச்சுவும், நான்காவதில் வேலாயுதமுமாகப் பதினொரு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றைத் தலைநகரில் ஒரு கேசட்டுக் கம்பெனிக்காரரிடம் போட்டுக்காட்ட வேலாயுதம் மட்டும் போனான். லெச்சுவுக்கு அன்று வேலைநாள். கம்பெனிக்காரர் மூன்று பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "கேள்வி கேக்கறவன் மட்டும் போதும் தம்பி. பதில் சொல்றவன் கேள்வியக் காதுலயே வாங்க மாட்டேங்கறான்" என்றார், பதில் சொல்பவனே எதிரில் உட்கார்ந்திருப்பதை அவர் அறியவில்லை. வேலாயுதம் வீடு திரும்பி, ஒலிவாங்கியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, லெச்சுவின் குரல் அழியும்படி மூன்றாம் தடத்தில் பதிவுப் பொத்தானை அழுத்தி, பெட்டியில் ஒலியளவைக் காட்டும் ஊசி படுத்த இடத்திலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நாற்பத்து நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தான். வெள்ளம் வந்து டேப்பு நனைந்து போயிற்று என்று லெச்சுவிடம் சொன்னான். லெச்சு சிரித்தான். "போனாப் போவுது லா. பாட்டு மண்டையிலதான இருக்கு? மாசக் கடைசியில மறுபடி பாடிக்குவோம்" என்றான். மாசக் கடைசிக்குள் அந்த லாரி வந்துவிட்டது.

டேப்பை வேலாயுதம் எறியவில்லை. அதில் தன் குரல் இருந்தபடியால் எறிய மனம் வரவில்லை. பெட்டியோடு சேர்த்து ஒரு கைலியில் சுற்றி அலமாரியின்மேல் வைத்தான். பிறகு இருபத்து நான்கு ஆண்டுகளாக, கல்லூரி மாணவர்களும் செய்தித்தாள்காரர்களும் அவனிடம் வந்து, லெச்சு எப்படிப் பாடுவார், லெச்சு எப்படி நிற்பார், லெச்சுவின் வெளிவராத பாட்டுகள் எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் எப்படிப் பாடுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புகை காரணமாகப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டபடியால் வேலையற்றிருந்த புஷ்பராணி, வியாழக்கிழமை சாலையின் தலையிலிருந்து கால்வரை நடந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, விஷயத்தின் ஒழுங்கைக் கண்டுபிடித்தாள். ஒன்று முதல் நாற்பத்தேழு வரையுள்ள ஒற்றை எண் வீடுகளின் இருபத்து நான்கு கதவுகளும் ஆளுக்கு ஒரு கேள்வியாக ஒரு முழுப் பாட்டின் கேள்விகளைக் கேட்டன. எதிர்வரிசையின் இரட்டை எண் கதவுகள் வெறுமனே கிறீச்சிட்டன. அடுத்த செவ்வாய்க்கிழமை கதவுகள் வேறொரு பாட்டுக்கு மாறின. பாட்டு மாறினாலும், பதினேழாம் எண் கதவு தன் கேள்வியின் முடிவில் "சொல்லு வேலா" என்று சொல்வது மாறவில்லை.

ஏன் என்று சாலை நெடுநேரம் யோசிக்கவில்லை. அந்தக் கதவுகளையெல்லாம் இரும்பைப் பற்றவைத்து ஒட்டிக் கொடுத்தவரும், தோட்டத்தில் பிறந்து தமிழிலேயே வசைபாடக் கற்றவருமான இருபத்து நான்காம் எண் ஆ சோங், "டேப்புல பூசியிருக்கறது என்னா? துருதான் லா. துருவுல ஏறுன சத்தம் துருவத் தேடித்தான் போவும்" என்றார், அது போதுமானதாக இருந்தது. யோசிக்க வேறு காரியங்கள் இருந்தன. முதலாவதாக, யாரும் கீலுக்கு எண்ணெய் விடக்கூடாது என்று சங்கம் தீர்மானித்தது. ஒன்பதாம் எண் வீடு பூட்டிக் கிடந்தபடியால் பாட்டில் ஐந்தாம் கேள்வி விடுபட்டது. அதன் உரிமையாளரை ஜொகூரில் தேடிப் பிடித்துச் சாவியை வாங்கிவந்தார்கள். பதினோராம் எண் வீட்டு ரோஸ்னாவுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் தன் கதவு கேட்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லப் பழகிக்கொண்டு, மீன் வாங்கும்போதும் அதே தாளத்தில் விலை கேட்டாள். தலைநகரிலிருந்து வானொலிக்காரர்கள் வந்து, பஞ்சு சுற்றிய ஒலிவாங்கிகளைக் கதவுகளுக்குமுன் நீட்டிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அங்கே போய்ப் போட்டால் கிறீச் என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. கைப்பேசிகளிலும் அப்படியே. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நேரில்தான் வந்து கேட்க வேண்டியிருந்தது, வந்தார்கள், நாள்தோறும் காலை ஏழேகாலுக்குக் கதவுகளை வரிசையாகத் திறப்பது என்று முறை வகுக்கப்பட்டது.

அப்போதுதான் சாலையின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுந்தது. ஒற்றை வரிசைக்காரர்களின் நடையே மாறிற்று. அவர்கள் குப்பை கொட்ட வரும்போதுகூடத் தலைவாரிக்கொண்டு வந்தார்கள். இரட்டை வரிசைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டாம் எண்காரர், ஒற்றை வரிசையில் கழித்துப் போட்ட இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிவந்து, ஆ சோங்கைக் கெஞ்சிப் புதுக்கதவு ஒட்டிக்கொண்டார். அது வாய் திறக்கவில்லை. முப்பதாம் எண்காரர் நல்ல வண்ணம் பூசிய கதவுக்குத் துரு ஏறட்டும் என்று மொரிப் கடற்கரையிலிருந்து பீப்பாயில் உப்புநீர் கொண்டுவந்து வாரம் முழுதும் ஊற்றினார். துரு ஏறியது, குரல் ஏறவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு குடும்பம், வீடு எந்த வரிசை என்று கேட்டுவிட்டு, தேநீரை முடிக்காமல் எழுந்து போனது.

இத்தனை பேருடைய பொறாமையையும் ஒரே தட்டில் வைத்தாலும் வேலாயுதத்தின் பொறாமைக்கு ஈடாகாது. ஏனென்றால், மற்றவர்கள் தங்களுக்கு இல்லாததற்காக ஏங்கினார்கள், அவனோ தன்னுடையதற்காக. அந்தக் கேள்விகளின் நடுவே விடப்பட்டிருந்த ஒவ்வொரு இடைவெளியும் அவனுடைய இடம். அவற்றின் அளவு அவனுக்கு மூச்சளவு தெரியும்.

அந்த இடைவெளிகளை முதலில் நிரப்பியது அவன் மனைவி. முதல் வாரக் கடைசியில், இரவு வேலை முடிந்து, அடையாள அட்டையைக் கழற்றாமல், தூக்குச்சட்டியும் கையுமாகச் சரோஜினி நின்றுகொண்டிருந்தபோது, எதிர்க்கதவு, "ஊரே தூங்கையில ஒத்தையா முழிச்சிருக்கறது யாரு? சொல்லு வேலா!" என்றது. வேலா சொல்லவில்லை. அவள் தன் கதவைப் படாரென்று திறந்துகொண்டே, "நைட் ஷிப்டு முடிஞ்சு வந்த நான்தாண்டா முழிச்சிருக்கேன், வழிய விடு, சோத்தத் துன்னணும்!" என்றாள். அது தாளத்தில் அச்சாக விழுந்தது. ஒற்றை வரிசை முழுதும் கைதட்டிற்று. மறுநாள் இருபதாம் எண் மீன்காரரிடமிருந்து ஒரு பதில் வந்தது. அதற்கு மறுநாள் ஆ சோங் ஒரு பதில் சொன்னார், பாதிச் சீனத்தில். ஒரு வாரத்துக்குள் இரட்டை வரிசையின் இருபத்து நான்கு வாசல்களிலும் ஆள்கள் நின்று பதில் சொன்னார்கள். சாலையின் நடுவே விழுந்த கோடு அழிந்தது. வேலாயுதத்துக்கு மட்டும் அது அழியவில்லை. சாலையில் இருந்த கோடு அவன் வீட்டுக்குள்ளேயே வந்து, அவனுக்கும் சரோஜினிக்கும் நடுவே விழுந்தது.

"என்னாய்யா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உன்னத்தான கூப்பிடறாரு, நீ சொல்லேன். நான் என்னா வேணாம்னா சொன்னேன்?" என்றாள் அவள்.

சொன்னான். மூன்றாம் வாரம், பதினேழாம் எண் கதவு, "மழ பேஞ்சா லயத்துல ஒழுகாத வீடு எது? சொல்லு வேலா!" என்று தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைப்பற்றிக் கேட்டபோது, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தொண்ணூற்றைந்தில் பாடிய அதே வரியை அதே ஏற்ற இறக்கத்தோடு பாடினான்: "சிங்கத்துக்கு மழ எதுக்கு? சீறி வந்தா நான் நெருப்பு! வேலான்னா மேட அதிரும்!"



"அண்ணே, வீடு எதுன்னு கேட்டாங்க" என்றாள் புஷ்பராணி.

"ஒரிஜினல் வரி இதுதாம்மா!"

"இருக்கட்டும்ணே. ஆனா நேத்து சரோக்கா சொன்னாங்க பாருங்க, 'மேனேஜர் வீட்டுக் கோழிக்கூடு!'ன்னு, அது தூக்கலா இருந்துச்சு. நாளைக்கு அவங்களையே விடுங்க."

சிரிப்பு எழுந்தது. அவன் மனைவியும் சிரித்தாள். பின்பு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் அவனுக்கு அதிகமாக உறைத்தது.

ஆறாம் வாரம் வானொலிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். கதவுகளின் கேள்விகள்தாம் பதிவாகவில்லை, மனிதர்களின் பதில்கள் பதிவாகின்றனவே என்று இரட்டை வரிசைக்காரர்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்தார்கள். சரோஜினியிடம் அரைமணி நேரம் பேசினார்கள். புறப்படும்போது அவர்களுள் ஒருவர் வேலாயுதத்தின் கையைக் குலுக்கி, "நீங்கதான் சரோக்கா வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

அன்று அவன் அலமாரியின்மேலிருந்த கைலி மூட்டையை இறக்கினான். அந்தப் பெட்டியை வெளியே எடுத்தால் தன் பொய்யும் வெளியே வரும் என்பதை அவன் அறியாதவன் அல்லன். மூன்று வாரம் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஏற்றுவதா இறக்குவதா என்று தனக்குள் வழக்காடினான். ஒருபக்கம் அவமானம் இருந்தது. மறுபக்கம் தன் இடத்தில் தன் மனைவியும், மீன்காரரும், இரும்பு ஒட்டுகிறவரும் நின்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொறாமை வென்றது.

ஒன்பதாம் வாரத்துச் சனிக்கிழமை காலை, புகை நீங்கி வானம் வெளுத்திருந்தது. வேலாயுதம் தன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்து, கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய ஒலிபெருக்கியோடு இணைத்தான். "இன்னைக்கு யாரும் பதில் சொல்ல வேணாம்" என்று அறிவித்தான். சரோஜினியிடம் தனியாக, "நீயும்தான்" என்றான்.

உருமி ஒலித்தது; பேஸ் அதன் பின்னே வந்தது; ஒற்றை வரிசைக்காரர்கள் அந்தத் தாளத்துக்கே ஒவ்வொருவராகக் கதவுகளைத் திறந்தார்கள். கதவுகளிலிருந்து லெச்சு கேட்டான். பெட்டியிலிருந்து வேலாயுதம், இருபத்து நான்கு வயது வேலாயுதம், பதில் சொன்னான். இரண்டு குரல்களும், ஒரே ஓலையை நெடுக்காகக் கிழித்து மறுபடி சேர்த்ததைப்போல, விளிம்போடு விளிம்பு பொருந்தின. ஒருவன் மூச்சை விட்ட இடத்தில் மற்றவன் மூச்சை எடுத்தான். பதில்கள் கேள்விகளுக்குப் பதில்களாக இல்லை. சிங்கம் என்றும் சூரியன் என்றும் ராஜா என்றும் அவை தம்மைப்பற்றியே பேசின. ஆயினும் அந்த அகந்தைக்கும் அந்தக் கேள்விகளின் கிண்டலுக்கும் இடையே, இரண்டு இளைஞர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்துபோவதை எல்லாரும் பார்த்தார்கள். அந்த நான்கு நிமிடம் வேலாயுதம் யார்மீதும் பொறாமைப்படவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டு வரவில்லை.

"வேலா, இது அந்த டேப்புதான?" என்றார் மாணிக்கவாசகம். "வெள்ளத்துல போச்சுன்னுதான இத்தன வருசமாச் சொன்ன?"

"இது... இது ஒண்ணு தப்பிச்சிருச்சுண்ணே."

"அப்ப லெச்சு கொரல் ஏன் இதுல வரல?"

ஆ சோங் நாற்காலியின்முன் குந்தி, மூன்றாம் தடத்தின் ஒலியளவுப் பொத்தானை மேலே தள்ளினார். மற்ற மூன்றையும் இறக்கினார். டேப்பு சுழன்றது. ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. ஊசி படுத்தே கிடந்தது.

"நனைஞ்ச டேப்பு கரகரங்கும் லா" என்றார் அவர். "இது கரகரங்கல. மைக்கப் புடுங்கிட்டு யாரோ ரெக்கார்ட அமுக்கியிருக்கான். யாரு?"

எதிரே, தன் கதவின்மேல் சாய்ந்து நின்ற புஷ்பராணி, தன்னையறியாமல் கால் மாற்றினாள். கதவு ஒரு சாண் நகர்ந்தது.

"சொல்லு வேலா" என்றது.

"நான்தான்" என்றான் வேலாயுதம்.

அவன் அந்தக் கம்பெனிக்காரர் சொன்னதையும் சொன்னான், வெள்ளம் வராததையும் சொன்னான். லெச்சு சிரித்ததையும் சொன்னான். ஒருவரும் திட்டவில்லை. சரோஜினி மட்டும் ஒன்று கேட்டாள்.

"எவ்ளோ நேரம்யா ஓடுச்சு அது?"

"நாப்பத்தி நாலு நிமிசம்."

"நடுவுல ஒருக்காவாச்சும் எந்திரிச்சியா?"

"இல்ல."

"தண்ணி குடிக்க?"

"இல்ல சரோ."

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவுகளை எல்லாரும் ஓசை எழாமல் சாத்த முயன்றார்கள், முடியவில்லை, ஒவ்வொன்றும் சாத்தும்போது தன் கேள்வியை இன்னொரு முறை கேட்டது.

பிறகு நடந்தது இவ்வளவே. மறுநாள் காலை ஏழேகாலுக்கு வழக்கம்போலப் பாட்டு தொடங்கிற்று. பதினேழாம் எண் கதவு கேட்டது. சரோஜினி பதில் சொல்ல வரவில்லை. அவள் இருபதாம் எண் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். வேலாயுதம் தன் கதவைத் திறந்தான். அது கிறீச்சிடவில்லை. கீல்களைக் கழற்றிப் பார்த்த ஆ சோங், எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இல்லை, துரு நிறைய இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்றார், கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அன்று முதல் அந்தக் கதவு ஒலித்ததே இல்லை.

பதினோராம் பாட்டு டிசம்பர் இரண்டாம் நாள் முடிந்தது. மறுநாள் காலை கதவுகள் சாதாரணமாகக் கிறீச்சிட்டன. சங்கத்தார் எண்ணெய் விடலாம் என்று அனுமதித்தார்கள், சிலர் விட்டார்கள். வேலாயுதம் டேப்பைச் சங்கத்துக்குக் கொடுக்க முன்வந்தான். ஏற்பதற்கில்லை என்று தீர்மானம் எழுதி, மாணிக்கவாசகம் அதைத் தம் கையாலேயே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். லெச்சுவின் பாட்டுகள் இன்றுவரை வெளிவரவில்லை. இரட்டை வரிசையின் பதில்களை மட்டும் வானொலிக்காரர்கள் உருமி சேர்த்து வெளியிட்டார்கள். அவை நன்றாக ஓடின. தொழிற்சாலைப் பேருந்தில், சரோஜினியின் வரி வரும்போது, பெண்கள் பின்னாலிருந்து, "அண்ணே, கொஞ்சம் சத்தமா வைங்கண்ணே" என்பார்கள். அவன் வைப்பான். சரோஜினி நான்காம் இருக்கையில் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் அவனை விட்டுப் போகவில்லை. அதைப்பற்றிப் பேசவும் இல்லை.

பதினேழாம் எண் கதவு மட்டும் முழுதும் ஓயவில்லை. அதன் கேள்விகள் போயின. "சொல்லு வேலா" என்னும் கடைசி இரண்டு சொற்கள் தங்கிவிட்டன. அடுத்த மார்ச்சு மாதம் நோய்த்தொற்றால் வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டில் சாலையே அடைந்து கிடந்தபோது, புஷ்பராணி எண்ணெய்க் குப்பியோடு எதிர்வாசலில் நின்றாள்.

"ரெண்டு சொட்டு விட்டா நின்னுரும்ணே. விடவா?"

"வேணாம்மா" என்றான் வேலாயுதம், ஒலிக்காத தன் கதவைப் பிடித்துக்கொண்டு. "கேக்கட்டும்."

அவள் குப்பியை மூடி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு கேட்டது. அவன் தன் கதவைத் திறந்தான்.